புதுப்பிப்பு: மளிகைக் கடையில் தேங்கிய பிஸ்கட், ஹெல்த் டிரிங்க் சரக்கு எப்படிக் காலியானது

ஸ்கீமோடு (மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் கம்பெனிச் சலுகை) வந்து இறங்கிய பிஸ்கட், ஹெல்த் டிரிங்க் பெட்டிகள் தேங்கியதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெரும்பகுதி காலி.

கைகொடுத்தது "பேட்ச் வாரியாகப் பிரியுங்கள்" (அதாவது தயாரிப்புத் தொகுதி வாரியாக) என்ற யோசனைதான். டாலி கணக்கு மென்பொருளில் பேட்ச் வசதியை ஆன் செய்து காலாவதி தேதியையும் ஏற்றினால், எது முதலில் போக வேண்டும் என்பது பட்டியலாக வந்துவிடுகிறது. 90 நாளுக்கு மேல் ஆயுள் உள்ள பிரிக்காத பெட்டிகளை, சரக்கு தந்த ஏஜென்சி திரும்ப எடுத்துக்கொண்டது. அவர்கள் வேறு கடைக்குப் போட முடியும் என்பதே காரணம். இதற்கு அவர்கள் தரும் கிரெடிட் நோட்டில் (திருப்பிய சரக்கின் தொகையை வரவு வைக்கும் சீட்டு) ஜிஎஸ்டி காட்டியிருந்தால், நாம் எடுத்த உள்ளீட்டு வரியில் (சரக்கு வாங்கும்போது கட்டி, நம் வரியில் கழித்துக்கொள்வது) அந்தத் தொகையைக் கழிக்க வேண்டும்.

மீதிக்கு "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" போட்டோம். இரண்டு பொருளுக்கும் சேர்த்து ஒரே விலை என்று கருதப்படுவதால் இதில் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை. சும்மா கொடுத்தாலோ அழித்தாலோ, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி அந்த வரியைத் திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும். (உள்ளீட்டு வரியே எடுக்க முடியாத காம்போசிஷன் திட்டக் கடைக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.)

எதிர்பாராதது ஒன்று: சலுகைச் சரக்கு ஓடியது, ஆனால் அதே பிஸ்கட்டின் புதுச் சரக்கு நின்றுவிட்டது. வழக்கமாக வாங்குகிறவர்களே மலிவுக்கு மாறியிருக்கிறார்கள். ஆகவே சலுகை போடும்முன் அந்த அயிட்டத்தின் ஆர்டரை நிறுத்துங்கள். தேதி முடிந்தவை "விற்பனைக்கு அல்ல" என்று எழுதித் தனிப் பெட்டியில் இருக்கின்றன. சேல்ஸ்மேன் கிளெய்முக்கு (கம்பெனியிடம் ஈடு கேட்க) எடுக்க வேண்டியதுதான் பாக்கி.