சொம்பிரேரோ கேலக்சி: அந்தக் கறுப்புக் கோடு எங்கே?

வெள்ளவத்தை_மேல்தட்டு:
நேற்றுப் பின்னேர மழை விட்டு வானம் வெளித்ததும், பிளாட் மேல்தட்டில் 130 மி.மீ. தொலைநோக்கியை வைத்து எம்104 எனும் சொம்பிரேரோ (அகல விளிம்புத் தொப்பி) கேலக்சியைத் தேடினேன். பதினொரு மணிக்குப் பிறகு தெற்கே தெஹிவளைப் பக்கம் நல்ல உயரத்தில் நிற்கும். அம்மா பஞ்சாங்கம் பார்க்காமல் எதுவும் செய்ய மாட்டார். ஆனால் அஸ்த நட்சத்திரக் கூட்டத்தை நான் வானத்தில் கண்டது நேற்றுத்தான். அஸ்தத்தின் இடது மேல்மூலை நட்சத்திரத்திலிருந்து மேலே மெல்ல நகர்த்தி, முக்கால் மணி நேரம் போராடி ஒரு மங்கல் திட்டைப் பிடித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில மூச்சுப் பட்டிருக்கு, துடை" என்றார்.

படங்களில் நடுவே பெல்ட் கட்டியது போல் கறுப்புக் கோடு இருக்கிறதே, எனக்கு ஏன் தெரியவில்லை? சுருள் கேலக்சி என்கிறார்கள், சுருள் எங்கே?

கட்டுபெத்தை_இரவுக்காவல்:
கோடு உண்மைதான், அது தூசு. அந்தக் கேலக்சியின் தட்டை நாங்கள் கிட்டத்தட்ட விளிம்புப் பக்கமிருந்து பார்க்கிறோம். சாய்வு சுமார் 6 பாகைதான். இடியப்பத் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பிழிந்த சுற்றெல்லாம் மறைந்து விளிம்பு மட்டும் தெரியும். சுருளுக்கும் அதே கதி. விளிம்பில் வளையமாகக் கிடக்கும் தூசு, பின்னாலிருக்கும், நட்சத்திரங்கள் குவிந்த நடுக்குமிழின் வெளிச்சத்தை மறைக்கிறது. அதே தூசு அகச்சிவப்பில் தானே ஒளிரும். 2024இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படம் வந்ததே, அதில் தொப்பியைக் காணோம், வளையம்தான் பளிச்சென்று நின்றது.

கொழும்பின் காலி வீதி வெளிச்சத்தில் 130 மி.மீ.க்குக் கோடு பிடிபடுவது கஷ்டம். இருட்டான ஊரில் 8 அங்குலத் தொலைநோக்கியில் நான் பார்த்தேன். உருப்பெருக்கத்தைக் கூட்டி, நேரே முறைக்காமல் கடைக்கண்ணால் பாருங்கள்.

சித்திரை_நட்சத்திரக்காரி:
அந்த 'மூச்சு' வெளிச்சம் கேலக்சியிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 3 கோடி வருடம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கேலக்சி விநாடிக்குச் சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் எங்களை விட்டு விலகிக்கொண்டும் இருக்கிறது. 1910களில் அரிசோனாவின் லோவல் ஆய்வகத்தில் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைபர், வெளிச்சத்தை நிறங்களாகப் பிரித்து ஒரு தட்டில் பதிந்து இந்த வேகத்தை அளந்தபோது, இப்படியான திட்டுகள் பால்வெளிக்குள்ளா வெளியிலா என்பதே முடிவாகவில்லை. எனக்கு அந்த நிறமாலைத் தட்டுத்தான் எந்த வண்ணப் படத்தையும் விடப் பெரிது. நடுவில் சூரியனைப் போல் 100 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை வேறு.

வெள்ளவத்தை_மேல்தட்டு:
நன்றி! இடியப்பத் தட்டு உடனே விளங்கிவிட்டது. அம்மாவுக்கு வெப் படத்தைக் காட்டினேன். "அப்ப ஏன் தொப்பி எண்டு பேர் வைச்சவங்கள்?" என்கிறார்.

போயாவுக்கு (முழுநிலா) இன்னும் பத்து நாள். அதற்கு முதல் மன்னாரில் மாமா வீட்டுக்குப் போகிறோம், அங்கே இருட்டுக்குக் குறைவில்லை. காரில்தான் இடமில்லை: தொலைநோக்கியா, மாமாவுக்கு அம்மா கொண்டுபோகும் பலாப்பழமா என்று வழக்கு நடக்கிறது.