பாங்காக்ல வேலை வந்திருக்கு, கொரோனா டைம்ல அங்க இருந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

குன்னூர்_பையன்:

வணக்கம் மக்களே. எனக்கு சொந்த ஊர் குன்னூர், இப்ப கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். பாங்காக்ல ஒரு வேலை கெடச்சிருக்கு, சம்பளம் பரவால்ல, விசா வொர்க் பெர்மிட் எல்லாம் கம்பெனியே பாத்துக்கும்னு சொல்றாங்க. பிரச்சனை எங்க அம்மாதான். எங்க தெருல ஒரு அண்ணன் 2020ல அங்க மாட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் வர முடியல, அவரோட அம்மா டெய்லி சாயங்காலம் எங்க வீட்டு திண்ணைல வந்து உக்காந்து அழுதுட்டு போவாங்க, அதை பாத்து பாத்து எங்கம்மாக்கு தாய்லாந்துன்னு சொன்னாலே முகம் சுருங்குது. மறுபடி அந்த மாதிரி ஒண்ணு வந்தா உன்னை யார்ரா பாப்பாங்கன்னு ஒரே கேள்வி. யூட்யூப்ல தேடினா பீச்சும் மசாஜும்தான் வருது. அங்க இருந்தவங்க சொல்லுங்க, நோய் டைம்ல வெளிநாட்டுக்காரன எப்படி நடத்தினாங்க? சாப்பாடு, ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி? உள்ளத உள்ளபடி சொல்லுங்க, அம்மாக்கு படிச்சு காட்டணும்.

அரவேணு_அண்ணன்:

தம்பி, நான் கோத்தகிரி அரவேணு. 2019 ஜூன்ல போனேன், 2022 ஏப்ரல்லதான் மொத லீவுக்கு ஊர் வந்தேன். ஆக முழு கொரோனாவும் பாங்காக்லதான், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி.

சீனாவுக்கு வெளிய மொத கேஸ் தெரிஞ்சதே தாய்லாந்துலதான், 2020 ஜனவரி 13. ஆனா ஊரு அலறல. காரணம் அங்க மாஸ்க் புதுசு இல்ல, வருஷா வருஷம் அந்த மாசங்கள்ல புகை மூட்டம் வரும், அதுக்கே பாதி ஊர் மாஸ்க் போட்டுட்டு திரியும். மார்ச் 26 எமர்ஜென்சி, ஏப்ரல் 3ல இருந்து நைட் 10 மணிக்கு மேல காலைல 4 வரைக்கும் வெளிய வரக்கூடாது, மறுநாளே வெளிநாட்டு ப்ளைட்டும் நின்னுபோச்சு. சோங்க்ரான்னு ஏப்ரல் நடுவுல தண்ணி ஊத்தி விளையாடுவாங்க, அவங்க வருஷப்பிறப்பு, அதையே தள்ளி வெச்சாங்கன்னா பாத்துக்கோ. நம்மூர் மாதிரி லத்தி அடி, தோப்புக்கரணம்லாம் நான் பாக்கல. கடைவாசல்ல நெத்திக்கு நேரா ஒரு துப்பாக்கிய நீட்டுவாங்க, 36 புள்ளி ஏதோ காட்டும், உள்ள போலாம். மே மாசத்துல இருந்து தாய் சனான்னு ஒரு க்யூஆர், எந்த கடைக்கு போனாலும் உள்ள போறப்ப ஒரு ஸ்கேன் வெளிய வர்றப்ப ஒரு ஸ்கேன். போன்ல சார்ஜ் இல்லன்னா நோட்டுல பேரும் நம்பரும் எழுதணும். எங்க சந்து முனை செவன் லெவன் நோட்டுல பக்கம் பூரா ஜிலேபி மாதிரி தாய் எழுத்து, நடுவுல என் ஒருத்தன் பேர் மட்டும் இங்கிலீஷ்ல. ஒருநாள் கிறுக்குத்தனமா தமிழ்ல எழுதிட்டேன், அந்த பொண்ணு அதை ரொம்ப நேரம் பாத்துட்டு கட்டைவிரல தூக்கி காட்டுச்சு.

சாப்பாட்டுக்கு கவலையே இல்ல, தள்ளுவண்டி ஓடிட்டே இருந்துச்சு. அதே மே மாசம் ரோட்டோரத்துல அலமாரி அலமாரியா வெச்சாங்க, பேரு தூ பான் சுக், இருக்கறவன் வெக்கலாம் இல்லாதவன் எடுக்கலாம். நானும் ஒருநாள் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வெச்சேன். ஒரு பாட்டி வந்துச்சு, முட்டை அட்டைய தூக்கி பாத்துச்சு, ரெண்டே ரெண்டு முட்டைய எடுத்து முந்தானைல, அதாவது துண்டுல, சுத்திக்கிட்டு மீதிய அப்படியே வெச்சுட்டு போயிருச்சு. எல்லாருமே அப்படின்னு கத விட மாட்டேன், பைக்ல வந்து மொத்தமா வழிச்சிட்டு போன வீடியோவும் சுத்துச்சு.

இப்ப மத்த பக்கம். நம்மள மாதிரி ஆளுங்கள அங்க கேக்னு சொல்வாங்க. அதுக்கு விருந்தாளின்னும் அர்த்தம், இந்தியாக்காரன் அரபுக்காரன்னும் அர்த்தம். சீலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயிலுக்கே வாட் கேக்னுதான் பேரு. 2020 பிப்ரவரில மாஸ்க் குடுத்தா வாங்காத வெள்ளைக்காரங்கள நாட்ட விட்டு தொரத்தணும்னு அந்த ஊர் சுகாதார மந்திரியே பேசி அப்புறம் மன்னிப்பு கேட்டார், அப்ப நாங்க சிரிச்சோம், நமக்கு இல்லப்பான்னு. 2021 ஏப்ரல் மே வந்துச்சு பாரு, டெல்லில சுடுகாட்டு புகைய டிவில காட்டறான், இந்தியால இருந்து வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு மே மாசம் கதவ சாத்திட்டாங்க, ரயில்ல என் பக்கத்து சீட் மட்டும் காலி. யாரும் ஒரு வார்த்தை சொல்லல, சிரிச்சிட்டே எந்திரிச்சு தள்ளி நிப்பாங்க. டாக்சிக்காரர் கண்ணாடில பாத்து இந்தியாவாம்பார், உடனே நான் மனப்பாடம் பண்ணி வெச்சத ஒப்பிப்பேன், யூ தீ நீ ஸோங் பீ லேவ், ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கேன்னு. அதுக்கப்புறம்தான் மனுஷன் ஜன்னல ஏத்துவார்.

ஊர நெனச்சு உடைஞ்சது ஒரே நாள்தான். என் தங்கச்சி கல்யாணம், 50 பேருக்கு மேல கூடக்கூடாது, நான் 51ன்னு கிண்டல் பண்ணாங்க. காலைல 6 மணி முகூர்த்தம், எனக்கு அங்க ஏழரை. சித்தி பையன் வாட்சப்ல புடிச்சுட்டு நிக்கறான், மிஸ்ட்டு வேற எறங்கிருச்சு, டவர் போய்போய் வருது, கெட்டிமேளம் கேக்குது, படம் மாப்பிள்ளையோட காதுலயே நின்னுபோச்சு. திரும்ப வந்தப்ப எல்லாரும் அட்சதைய தொடச்சிட்டு இருக்காங்க. எட்டு மணிக்கு ஆபீஸ் லாகின்.

ஊட்டி_காட்டேஜ்:

அண்ணன் சொல்றது சரி. ஆனா அந்த ஊர்க்காரன மட்டும் குத்தம் சொல்லாதீங்க. நாம என்ன பண்ணோம்? 2020ல பர்லியார்லயும் குஞ்சப்பனைலயும் செக்போஸ்ட் போட்டு இ-பாஸ் இல்லாதவன திருப்பி அனுப்பினப்ப ஊரே கை தட்டுச்சு. நான் உட்பட. டூரிஸ்ட் வந்தாதான் எனக்கு அடுப்பு எரியும், ஆனா கீழ இருந்து ஒரு வண்டி வந்தா நம்பர் ப்ளேட்ட பாத்து வயிறு கலங்கும். துபாய்ல இருந்து வந்த பக்கத்து வீட்டு பையன் கதவுல தனிமைப்படுத்தப்பட்ட வீடுன்னு ஸ்டிக்கர் ஒட்டினாங்க, பால்காரர்கிட்ட அந்தப்பக்கம் போகாதீங்கன்னு சொன்னது நான்தான். அந்த பையன் இப்பவும் என்னை பாத்தா அண்ணான்னு சிரிக்கறான், எனக்குதான் நேரா பாக்க முடியல. ப்ளவர் ஷோ ரெண்டு வருஷம் இல்ல, 2022 மேலதான் 124வது ஷோ நடந்துச்சு, அதுக்குள்ள எங்க லைன்ல மூணு காட்டேஜ் கை மாறிருச்சு.

கூடலூர்_பொண்ணு:

நான் புக்கெட் தீவுல ஒரு ஹோட்டல் ரிசர்வேஷன்ல இருந்தேன். பாங்காக் வேற புக்கெட் வேற, அண்ணன் ஆபீஸ் வேலை, சம்பளம் வந்துச்சு. எங்களுக்கு மொதல்ல பாதி சம்பளம், அப்புறம் சம்பளம் இல்லாத லீவு, அப்புறம் நன்றி வணக்கம். 2019ல அந்த நாட்டுக்கு கிட்டத்தட்ட 4 கோடி பேர் சுத்தி பாக்க வந்தாங்க, 2021ல மொத்தமே 4 லட்சத்து சொச்சம். 4 கோடி எங்க 4 லட்சம் எங்க. படோங் பீச்சுல நாய் மட்டும்தான் படுத்திருக்கும். 2021 ஜூலை 1ல சாண்ட்பாக்ஸ்னு தீவ மட்டும் தொறந்தாங்க, ஊசி போட்டவன் வந்து 14 நாள் தீவுக்குள்ளயே இருந்தா அப்புறம் வெளிய போலாம்னு, ஆனா எனக்கு அதுக்குள்ள விசா முடிஞ்சுது.

இன்னொண்ணு சொல்லணும். வெளிநாட்டுக்காரன்னு நீங்க சொல்றது யார? 2020 டிசம்பர்ல பாங்காக் பக்கத்துல சமுத் சகோன் இறால் மார்க்கெட்ல பரவுச்சே, அங்க வேலை செய்யற மியன்மார்காரங்கள அவங்க தங்கற கட்டடத்தோட சேத்து முள்கம்பி போட்டு அடைச்சாங்க. அவங்களும் நம்மள மாதிரி வேலைக்கு வந்தவங்கதான். நம்ம பக்கத்துல சீட்ட விட்டு எந்திரிச்சாங்கன்னு வருத்தப்படறோம். எங்க தாத்தா பாட்டி சாஸ்திரி ஒப்பந்தத்துல, அதான் இலங்கை தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தம், கண்டில இருந்து வந்தவங்க, அறுபது வருஷம் ஆகப்போகுது, கூடலூர்ல இன்னும் எங்க வீட்ட சிலோன்காரங்க வீடுன்னுதான் அடையாளம் சொல்லுவாங்க. அதனால எனக்கு அந்த முள்கம்பி போட்டோ தூக்கத்துலயும் வரும்.

குன்னூர்_பையன்:

ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, அக்கா, காட்டேஜ் அண்ணனுக்கும். அம்மாக்கு பாதி படிச்சு காட்டிட்டேன், முட்டை பாட்டி வரைக்கும் நல்லா கேட்டுட்டு இருந்தாங்க, முள்கம்பி வந்ததும் எந்திரிச்சு கிச்சனுக்கு போயிட்டாங்க. ரெண்டு டவுட். வேலை போனா விசா என்னாகும்? உங்களுக்கு கொரோனா வந்துச்சா, வந்தப்ப யார் பாத்தா?

அரவேணு_அண்ணன்:

கூடலூர் பாப்பா சொன்னது நியாயம்மா, எனக்கு அது அப்ப தோணல.

தம்பி, வேலை போனா விசாவும் அன்னைக்கே போச்சு, இதுல ஒளிவு மறைவு இல்ல. 2020ல ப்ளைட் இல்லாததால விசா முடிஞ்சவங்களுக்கு மன்னிப்பு மாதிரி குடுத்து ஜூலை வரை, செப்டம்பர் வரை, அக்டோபர் வரைன்னு தள்ளிட்டே போனாங்க, ஒவ்வொரு தடவையும் கடைசி நாள் வரைக்கும் வயித்துல புளிய கரைக்கும். அதனால மூணு மாச செலவுக்கு பாட், அதான் அந்த ஊர் காசு, பேங்க்ல தனியா போட்டு வை, அதை தொடாத. இன்சூரன்ஸ் பேப்பர நீயே படி, ஹெச்ஆர் சொன்னான்னு நம்பாத. சோஷியல் செக்யூரிட்டில, நம்ம இஎஸ்ஐ மாதிரி கவர்மெண்ட் திட்டம், உன் பேர போட்டாங்களான்னு மொத மாச சம்பள சீட்ல பாரு, அப்ப மாசம் அதிகபட்சம் 750 பாட் புடிப்பாங்க, எனக்கு தடுப்பூசி கெடச்சதே அந்த வழிலதான். தடுப்பூசி விஷயத்துல அந்த கவர்மெண்ட் சொதப்புச்சு, ஆஸ்ட்ராசெனகாவ உள்ளூர்லயே தயாரிச்சும் ஜனங்களுக்கு வந்து சேர இழுத்தடிச்சாங்க, 2021 நடுவுல பாங்காக்ல பெட் கெடைக்காம திண்டாடினாங்க, இதை தாய்க்காரங்களே வெளிப்படையா திட்டினாங்க.

எனக்கு வந்தது 2022 பிப்ரவரில. ஏடிகேல, அதான் வீட்லயே பாக்கற கொரோனா டெஸ்ட் கிட், ரெண்டு கோடு. ஆஸ்பத்திரில ரூம்லயே இருன்னு சொல்லி ஒரு டப்பா அனுப்பினாங்க, காய்ச்சல் மாத்திரை, தெர்மாமீட்டர், கூட ஒரு பாட்டில் பச்சை கேப்சூல், பேரு பா தலாய் ஜோன். என்னடா சைனா மருந்துன்னு ஒண்ண பிரிச்சு நாக்குல வெச்சேன் பாரு, அந்த கசப்பு! போன்ல தேடினா நம்ம நிலவேம்பு. சின்ன வயசுல எங்க ஆத்தா மூக்க புடிச்சு வாய்ல ஊத்துமே அதேதான். கீழ்வீட்டு தாய் அக்கா பத்து நாளும் கதவு கைப்பிடில கஞ்சி பை மாட்டிட்டு போச்சு, தட்டிட்டு ஓடிரும், ஒருநாளும் முகத்த காட்டல. ஏப்ரல் மாசம் ரயில்ல தள்ளி நின்னதும் இவங்கதான், கஞ்சி வெச்சதும் இவங்கதான், ரெண்டையும் அம்மாகிட்ட சொல்லு.

குன்னூர்_பையன்:

சொன்னேன் அண்ணா. கஞ்சில என்ன போட்டிருந்தாங்கன்னு கேட்டாங்க. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, அங்க குளிருமாடான்னாங்க. பின்னல் ஊசிய எடுத்துட்டாங்கன்னு நெனைக்கறேன்.

அரவேணு_அண்ணன்:

இஞ்சியும் பன்னிக்கறி உருண்டையும், கறி போட்டத சொல்லிக்கோ சொல்லாத உன் இஷ்டம். பாங்காக்ல டிசம்பர்லயும் பேன் இல்லாம தூங்க முடியாது. ஆனாலும் ஸ்வெட்டர் பின்னட்டும், ஆபீஸ் ஏசிக்கும் ரயிலுக்கும் வேணும், நம்ம நவம்பர் மாதிரிதான் வெச்சிருப்பாங்க.