புது ரயர் போட்ட பிறகு 85இல் ஸ்ரியரிங் உதறுகிறது: பலன்ஸா, அலைன்மென்ட்டா?

கொக்குவில் அக்சியோ
வணக்கம். என்னுடையது 2014 ரொயோற்றா அக்சியோ கார். போன கிழமை நாலு சில்லுக்கும் புது ரயர் போட்டேன், 175/65R15. கடையிலேயே பலன்ஸ் செய்து, அதாவது சில்லின் பாரம் சுற்றிவரச் சமமாக வர ஈயக்கட்டி ஒட்டித் தந்தார்கள். ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஞாயிறு விடியக் கொழும்புக்குப் புறப்பட்டோம். ஆனையிறவு தாண்டி நேர்ப்பாதையில் மணிக்கு 70 கிலோமீற்றரில் உள்ளங்கையில் ஒரு சின்னக் கூச்சம் தெரிந்தது. ரோட்டுத்தான் அப்படி என்று நினைத்துவிட்டேன். குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறி 85ஐத் தொட்டதும் ஸ்ரியரிங் இரண்டு கையையும் உதறத் தொடங்கியது. 95 வரை அப்படியே, 100இல் கொஞ்சம் அடங்கியது. பின்னால் அம்மாவும் பிள்ளைகளும் இருந்ததால் மீரிகமவில் இறங்கும்வரை 75க்கு மேல் போகவில்லை. பழைய ரயரில் இப்படி இருந்ததே இல்லை. கடைக்குப் போன் எடுத்தால் "500 கிலோமீற்றர் ஓடட்டும், ரயர் படிந்துவிடும்" என்கிறார்கள். உண்மையா?

சாவகச்சேரி வான்
தம்பி, போர் முடிந்து யாழ்ப்பாணம் கண்டி ஏ9 பாதை திறந்த நாளில் இருந்து கொழும்பு வான் ஓடுகிறேன். நாலு ரயரும் ஒன்றாக மாற்றினால் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிபார்ப்பது, செய்தே ஆக வேண்டும். செய்தீர்களா? தேய்ந்த ரயர் முன்பக்கத்து ஆட்டத்தை மறைத்துக்கொண்டு ஓடும். புது ரயருக்குப் பிடி கூட, அதனால் பழைய குறை இப்போது வெளியே வருகிறது. எங்கள் ஒழுங்கைகளில் ஓடிய கார் ஒன்றிலாவது முன்பக்கத்து றப்பர் புஷ் நேராக இருக்கிறதா? முதலில் அலைன்மென்ட் செய்யுங்கோ.

திருநெல்வேலி பொறியியல்
அண்ணை சொல்வதை நான் ஏற்கவில்லை. அலைன்மென்ட் பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஓரமாகத் தேயும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தொடங்கி, மேலே போக அடங்கும் உதறல் அலைன்மென்ட்டால் வராது. அது சுற்றுகிற ஒன்றின் பாரம் சரியாகப் பங்கிடப்படாததால் வருவது.

கணக்கைப் பாருங்கோ. இந்த அளவு ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீற்றர். 100இல் அது ஒரு செக்கனுக்கு 14 தடவைக்கு மேல் சுற்றுகிறது. றிம் ஓரத்தில் 20 கிராம் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது 3 கிலோ எடை போலச் சில்லை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். 50இல் அதே 20 கிராம் முக்கால் கிலோதான். ஊருக்குள் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

500 கிலோமீற்றர் கதையில் பாதிதான் உண்மை. புது ரயரின் மேல் அச்சில் இருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், அது போகச் சில நூறு கிலோமீற்றர் வேண்டும். அது பிடிமானத்தைப் பற்றிய விஷயம். ஓடினால் பலன்ஸ் தானாக வராது.

மூன்று கேள்வி. உதறல் ஸ்ரியரிங்கிலா, சீற்றிலா? பிரேக் பிடிக்கும்போது கூடுகிறதா? றிம் காரோடு வந்ததா, வெளியில் வாங்கியதா?

வல்வெட்டித்துறை 77
ஏ9இல் எங்களுக்கு 70தானே சட்டம். ஊரில் தெரியாத உதறலுக்கு ஏன் இவ்வளவு பாடு?

திருநெல்வேலி பொறியியல்
அவருக்கு 70இலேயே கை கூசியிருக்கிறது. போதாததற்கு, நட் தளர்ந்திருந்தாலும் இதே உதறல்தான் வரும். காரணம் தெரியும்வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடக் கூடாது.

கொக்குவில் அக்சியோ
இன்று காலை முதல் வேலையாக நட் எல்லாம் பார்த்தேன், இறுக்கமாக இருக்கின்றன. உதறல் ஸ்ரியரிங்கில்தான். சீற்றில் மெல்லிய ரீங்காரம் மட்டும். பிரேக்கில் மாற்றம் இல்லை. றிம் வெளியில் வாங்கியது, பாவித்த அலோய். பலன்ஸ் மெஷின் நாலு சில்லுக்கும் பூச்சியம் காட்டியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சாவகச்சேரி வான்
பாருங்கோ, மெஷின் பூச்சியம் என்கிறது. பிறகும் பலன்ஸ் என்று எப்படிச் சொல்வது? ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை ரொட் எண்ட், சில்லுப் பக்கத்துப் போல் ஜொயின்ட் இரண்டையும் ஜக் அடித்து ஆட்டிப் பாருங்கோ.

திருநெல்வேலி பொறியியல்
ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஜொயின்ட்டில் ஆட்டம் இருந்தால் சின்ன உதறலும் பெரிதாகக் கைக்கு வரும். ஆனால் உதறலைத் தொடக்கி வைப்பது ஜொயின்ட் இல்லை.

வெளியில் வாங்கிய அலோய் என்றதும் எனக்கு வேறு சந்தேகம். அக்சியோவின் ஹப், அதாவது சில்லின் நடு ஓட்டை போய் உட்காரும் நடுப்பகுதி, 54.1 மில்லிமீற்றர். வெளி அலோய்களின் நடு ஓட்டை பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக, பெரும்பாலும் 67.1 அல்லது 73.1ஆக வெட்டப்படும். அந்த இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் நிரப்பும். உங்களுக்கு அந்த வளையம் இருக்கிறதா?

வளையம் இல்லாமல் சில்லு அரை மில்லிமீற்றர் விலகி நின்றது என்று வையுங்கோ. ரயரோடு சேர்த்துச் சில்லு 15 கிலோ. 15 கிலோ அரை மில்லிமீற்றர் விலகுவது, றிம் ஓரத்தில் 40 கிராம் ஈயக்கட்டியைப் பிழையான இடத்தில் அடித்ததற்குச் சமம். மெஷின் இதைக் காணவே காணாது. அது சில்லைத் தன் கூம்பில் நடுவாக்கித்தான் சுழற்றுகிறது, உங்கள் ஹப்பில் வைத்து இல்லை.

நீர்வேலி கராஜ்
கராஜ் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை. வளையத்தைப் பெரிதாக்காதீர்கள். வெளி அலோய்க்குக் கூம்பு நட் போடுகிறோம். அந்த நாலு கூம்பும் தங்கள் குழியில் ஒன்றாக உட்கார்ந்தால் சில்லு தானாக நடுவுக்கு வந்துவிடும். வளையம் பாரம் தாங்குவதில்லை. வளையமே இல்லாமல் 100இல் அசையாமல் ஓடும் கார்கள் என்னிடம் வருகின்றன. பிழை எங்கே நடக்கிறதென்றால், காரை நிலத்தில் இறக்கிவிட்டு ஒரு நட்டைக் கன் போட்டு முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். சில்லு அப்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடும், மற்ற மூன்றும் அதைத் திருத்தாது. ஹப் முகத்தில் துருப் பொருக்கு இருந்தாலும் இதேதான். எங்கள் கடற்காற்றில் அது எல்லாக் காரிலும் உண்டு.

திருநெல்வேலி பொறியியல்
கூம்பு நட் நடுவாக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கவனமாக இறுக்குவதுபோல் எல்லாக் கடையிலும் இறுக்குகிறார்களா? வளையம் இருந்தால் அவசரமாகப் பூட்டுபவர் கையிலும் சில்லு நடுவில் நிற்கும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

நீர்வேலி கராஜ்
அப்படியென்றால் முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்யட்டும். பின் சில்லுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஜக் அடித்து ஸ்ராண்டில் நிறுத்துங்கோ. சில்லைக் கழற்றி ஹப்பைக் கம்பித் தூரிகையால் துடையுங்கோ. சில்லு அந்தரத்தில் நிற்கும்போதே நாலு நட்டையும் கையால் முடுக்கி, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிறகு இறக்கி 103 நியூட்டன் மீற்றரில், இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரெஞ்ச் போடுங்கோ. அதற்கு முன் ஒரு செங்கல்லை ரயர் ஓரத்துக்குக் கிட்ட வைத்துச் சில்லைக் கையால் சுற்றினால், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். ரயர் றிம்மில் சமமாக உட்காராவிட்டாலும் அதில் பிடிபடும். றிம் ஓரத்தை ஒட்டி ரயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும், அது சுற்றிவர ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

கொக்குவில் அக்சியோ
நேற்றுப் பின்னேரம் முழுக்க இதோடுதான். கோடு நாலு ரயரிலும் ஒழுங்காக இருக்கிறது. வலது முன் சில்லைச் செங்கல்லுக்குப் பக்கத்தில் சுற்றியபோது, ஒரு இடத்தில் கிட்ட வந்து எதிர்ப்பக்கத்தில் விலகியது. கழற்றிப் பார்த்தேன். இடது சில்லின் உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது, வலதில் இல்லை. அலோய் வாங்கியபோது நாலிலும் இருந்தது எனக்கு நல்ல ஞாபகம்.

வளையம் கைவசம் இல்லாததால் கராஜ் அண்ணை சொன்ன முறையிலேயே ஹப்பைத் துடைத்து இறுக்கினேன். இன்று விடிய பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் 70இல் பார்த்தேன். கூச்சம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

சாவகச்சேரி வான்
மிச்சப் பாதி எங்கே இருந்து வருகிறது? ஜொயின்ட் பார்த்தீர்களா?

கொக்குவில் அக்சியோ
பார்த்தேன் அண்ணை, இரண்டு பக்கமும் ஆட்டம் இல்லை. கடைக்குப் போய் வளையத்தைப் பற்றிக் கேட்டேன். ரயர் கழற்றும் மெஷினுக்குக் கீழே தேடி எடுத்துத் தந்தார் அங்கே வேலை செய்யும் பொடியன். அவனே பூட்டியும் தந்தான்.

கொக்குவில் அக்சியோ
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நேற்றுக் கொழும்புக்குப் போய் வந்தோம். குருநாகல் மீரிகம பாதையில் 85, 90, 100, ஸ்ரியரிங் அசையவில்லை. ஒரு கையால் லேசாகப் பிடித்துப் பார்த்தேன், சுத்தம். ஆனால் சீற்றில் அந்த ரீங்காரம் 90இல் இருந்தது. திரும்பி வந்து பின் சில்லுகளை வேறு ஒரு கடையில் மெஷினில் போட்டேன். இடது பின்னுக்கு 35 கிராம் காட்டியது.

திருநெல்வேலி பொறியியல்
முதலில் பூச்சியம் காட்டிய சில்லுத்தானே? உட்பக்கத்தில் ஒட்டிய ஈயம் இருக்கிறதா பாருங்கோ.

நீர்வேலி கராஜ்
றிம்மில் மண்ணைத் துடைக்காமல் ஒட்டியிருப்பார்கள். இந்தத் தடவை பெற்றோல் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டச் சொல்லுங்கோ.

சாவகச்சேரி வான்
சரி தம்பி, உதறல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியாக வந்துவிட்டது. ஆனாலும் புது ரயருக்குக் கொடுத்த காசு வீணாகாமல் அலைன்மென்ட்டை ஒருக்கால் பாருங்கோ. ஓரம் தேய்ந்தால் வருடத்துக்குள் திரும்ப வாங்க வேண்டி வரும்.

கொக்குவில் அக்சியோ
அதற்கும் நாளைக்கு நேரம் எடுத்திருக்கிறேன் அண்ணை. ஈயத்தைத் தேடிப் பார்த்தேன். அது இருந்த இடத்தில் பசையும், பசையில் ஒட்டிய செம்மண்ணும்தான் இருந்தன.