பருப்பு சாப்பிடச் சொன்னாங்க, சாப்பிட்டேன், மெஷின்ல 231 காட்டுது

பிள்ளைக்காம்பரா அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துல நோர்வுட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல, வேலைக்குப் போறவங்களோட சின்னப் பிள்ளைங்களப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பராவுல வேலை செய்றேன். வயசு 46, நிறை 61 கிலோ. கொழுந்து எடுக்க மலைக்குப் போனது அஞ்சு வருசம்தான். அதுக்குப் பிறகு பிள்ளைங்களோடதான் பொழுது. ஏத்தம் எறக்கம் இல்லாத வேலை, உடம்பு வச்சிருச்சு.

எனக்குச் சீனி வருத்தம். போன மாசம் ரத்தம் சோதிச்சதுல வெறும் வயித்துல சீனி 168. மூணு மாசச் சராசரிக் கணக்கு (HbA1c) 8.1. மெட்போமின் 500 மாத்திரை காலையில ஒண்ணு ராத்திரியில ஒண்ணு குடுத்திருக்காங்க. கிளினிக் டொக்டர் நல்ல மனுசன். "சோத்தக் குறைங்க, ரொட்டிய விடுங்க, புரதம் கூட்டிச் சாப்பிடுங்க. மீன், முட்டை, கோழி"ன்னார். நான் "சைவம் சேர்"னேன். முட்டையுமான்னார். முட்டையும்தான்னேன். "அப்ப பருப்பு, கடலை"ன்னு துண்டுல எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டார். வெளிய நூறு பேர் நிக்கிறப்ப அவரும் என்னதான் செய்வார்.

சைவம் ஏன்னு கேப்பீங்க, முதல்லயே சொல்லிடுறேன். 2011ல சின்னவனுக்கு ரொம்ப முடியாமப் போய் கண்டிக்குக் கொண்டு போனோம். பதினோரு நாள். அப்ப மாரியம்மாளுக்குக் குடுத்த வாக்கு. அவன் இன்னைக்கு என்னைவிட உயரம். வீட்டுல மத்தவங்க எல்லாம் திம்பாங்க, ஞாயித்துக்கிழமை கோழி சமைக்கிறதும் நான்தான். உப்புப் பாக்கிறது மட்டும் மகள்.

விசயத்துக்கு வாறேன். டொக்டர் சொன்ன மறுநாள்ல இருந்து பருப்புதான். காலையில ரெண்டு ரொட்டியும் பருப்பும். மதியம் சோறு கொஞ்சம் குறைச்சு, பருப்பு பெரிய கோப்பையில ஒண்ணு. ராத்திரியும் அப்படித்தான். நாலாம் நாள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன்கிட்ட சீனி பாக்கிற மெஷின் வாங்கி, மதியம் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு குத்திப் பாத்தா 231! ஸ்ட்ரிப் விக்கிற விலைக்கு இன்னொரு தரம் குத்த மனசு வரல.

மகன் போன்ல தேடிப் பாத்துட்டு "அம்மா, பருப்புல நூறு கிராமுக்கு அறுபது கிராம் மாச்சத்து"ங்கிறான். அப்ப புரதம்னு சொன்னது என்ன? சோத்த விட்டுட்டு அதே மாச்சத்தத்தான் கரண்டியில அள்ளி ஊத்திக்கிட்டு இருக்கேனா? அதுல போட்டிருக்கிற சாப்பாடெல்லாம் பாதாம், சீஸ், அவகாடோ. அவகாடோன்னா பட்டர்புரூட்டாம், அது வீட்டுக்குப் பின்னாலயே காய்க்குது. மத்தது எல்லாம் கொழும்புக் கடைச் சாமான். ஹட்டன் சந்தையில கிடைக்கிறத வச்சு யாராவது வழி சொல்லுங்க.


பதுளைத் தாதி:

அக்கா, உங்கள் மகன் சொன்னது சரிதான், ஆனால் அது வேகாத பருப்பின் கணக்கு. மைசூர்ப் பருப்பு 100 கிராமில் புரதம் 24 கிராம், மாச்சத்து 60 கிராமுக்குக் கிட்ட. அதில் ஒரு பங்கு நார்ச்சத்து, அது சீனியாக மாறாது. வெந்த பருப்பு ஒரு கோப்பை, அதாவது 200 கிராம் அளவில், புரதம் 18, மாச்சத்து 40.

இப்போது நீங்கள் விடாமல் வைத்திருந்ததைப் பாருங்கள். ரெண்டு ரொட்டிக்கு 100 கிராம் கோதுமை மா என்று வைத்தால் மாச்சத்து மட்டும் 75. வெந்த சோறு ஒரு கோப்பையில் 45, புரதம் வெறும் 4. நீங்கள் சோற்றை எடுத்துவிட்டுப் பருப்பை வைக்கவில்லை, சோற்றுக்கு மேலே பருப்பை வைத்தீர்கள். 231 வந்தது அதனால்தான். பருப்பு குற்றவாளி இல்லை, ஆனால் அது கறி இல்லை. இனி அதைச் சோற்றின் இடத்தில் வைத்து எண்ணுங்கள்.

சாதாரணமாக ஒரு கிலோ நிறைக்கு 0.8 கிராம் புரதம் போதும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 49 கிராம். முழுவதையும் பருப்பிலேயே எடுக்கப் போனால் மாச்சத்து கூடவே ஏறும். புரதம் கூடி மாச்சத்து குறைந்த சாமான் ரெண்டு மூன்று வேண்டும். நம் கடையில் கிடைப்பது சோயா மீட் (காய்ந்த சோயாத் துண்டு), கச்சான் (நிலக்கடலை), பால்கட்டி, தயிர். சோயா மீட் காய்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தால் புரதம் 15, மாச்சத்து பத்துக்குள். கச்சான் ஒரு கைப்பிடியில் புரதம் ஏழு கிராம், மாச்சத்து ஐந்து. பட்டர்புரூட் நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது கொழுப்பு. புரதக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

மூன்று எச்சரிக்கை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரத்தமும் சிறுநீரும் பார்த்தார்களா? பார்க்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். அடுத்தது விட்டமின் பி12. முட்டையும் இல்லாத சைவம், கூடவே மெட்போமின். ரெண்டுமே பி12ஐக் குறைக்கும். கிளினிக்கில் கேளுங்கள். கடைசியாக, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லசைட் மாத்திரை குடிக்கிறவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் சோற்றை வெட்டாதீர்கள். சீனி இறங்கி மயங்கி விழுவீர்கள். மெட்போமின் மட்டும் குடிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் குறைவு.


கொட்டகலை மரக்கறி:

அக்கா குறை நினைக்காதீங்க. ஒரு முட்டையில 6 கிராம் புரதம், மாச்சத்து ஒரு கிராம்கூட இல்ல. கடையில வாற முட்டையில குஞ்சே இல்ல, உயிரும் இல்ல. மாரியம்மா கோவிக்க மாட்டா.

இன்னொண்ணு. ரொட்டிய விடு ரொட்டிய விடுன்னு எல்லாரும் சொல்றீங்க. எங்கம்மா முப்பத்தஞ்சு வருசம் மலையேறினது ரெண்டு ரொட்டியிலயும் ஒரு கட்டச் சம்பல்லயும்தான். அரிசி கிடைக்காத 74ம் வருசப் பஞ்சத்தத் தாண்டின ஆளுங்களுக்கு இந்த கிராம் கணக்கெல்லாம் சிரிப்பு.


பிள்ளைக்காம்பரா அக்கா:

தம்பி, குஞ்சு இருக்கா இல்லையான்னு பாத்து நான் வாக்குக் குடுக்கல. அத விட்டுருவோம்.

தாதித் தங்கச்சிக்கு நன்றி. சோத்துக்கு மேல பருப்ப வச்சேங்கிறது படிச்ச உடனே உறைச்சுது. கிட்னி பாத்தாங்க, நல்லா இருக்காம். ஆனா காலையில ரொட்டிக்குப் பதிலா என்ன? ஆறரைக்கு நான் காம்பராவத் திறக்கணும். சோயா மீட்ட விடியக்காலையில திங்க முடியுமா?


பொகவந்தலாவ பெரியம்மா:

மகளே, நீ ரொட்டி எழுதின, சோறு எழுதின, பருப்பு எழுதின. தேத்தண்ணியப் பத்தி ஒரு எழுத்தக்கூடக் காணோமே. எத்தன கோப்ப, எத்தன கரண்டி?

காலைக்குப் பயற்றந் தோசை சுடு. இங்க குளிருக்கு உளுந்து மா ரெண்டு நாளானாலும் பொங்காது, நான் கம்பளிக்குள்ள சுத்தி வச்சும் பாத்துட்டேன். பச்சப்பயறுக்கு அந்தக் கரச்சலே இல்ல. ராத்திரி ஊறப் போடு. காலையில இஞ்சி, பச்ச மிளகா, கொஞ்சம் சீரகம் வச்சு அரைச்சு அப்படியே கல்லுல ஊத்து. லீக்ஸ் பச்ச இலைய மெல்லிசா அரிஞ்சு கலந்தா இன்னும் நல்லது. கடையில வெள்ளத் தண்டத்தான் எல்லாரும் கேக்கிறாங்க, இலைய வெட்டி வீசுறானுங்க. கேட்டா சும்மா தருவான். மா கெட்டியா இருக்கணும். தண்ணியா ஊத்தினா திருப்பும்போது கிழிஞ்சு, சட்டியில வெந்த பயறுதான் மிஞ்சும்.

பால்கட்டிக்குக் கடைக்குப் போகாத. லயத்துல யார் வீட்டுலயாவது மாடு இருக்கும். ஒரு லீட்டர் பால் கொதிச்சு வரும்போது அடுப்ப அணைச்சு ரெண்டு தேசிக்காய்ப் புளி விடு. திரிஞ்சதும் வெள்ளைத் துணியில வடிச்சு, மேல அம்மிக்குழவிய வை. ஒரு மணித்தியாலத்துல கட்டியாயிரும். சின்னத் துண்டா வெட்டி, போஞ்சியோட மிளகு போட்டுப் பிரட்டு. இறைச்சிப் பிரட்டலக் கேட்ட என் பேரன் இப்ப இதத்தான் கேக்கிறான்.


பதுளைத் தாதி:

பெரியம்மாவின் கணக்கைக் கிராமில் சொல்கிறேன். காய்ந்த பயறு 50 கிராமில் ரெண்டு மூன்று தோசை வரும். புரதம் 12, மாச்சத்து 31, அதிலும் எட்டு நார்ச்சத்து. ரெண்டு ரொட்டியில் மாச்சத்து 75 என்று மேலே எழுதினேன் அல்லவா? அதில் புரதம் 10. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். ஒரு லீட்டர் பாலில் எடுக்கும் பால்கட்டியில் 25 கிராம் புரதம் வரை கிடைக்கும். பாலில் உள்ள சீனி பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும்.

சோயா மீட் வாங்கும்போது பக்கெட்டைத் திருப்பி வாசியுங்கள் அக்கா. கோழி ருசி, இறால் ருசி என்று போட்டிருப்பதில் என்ன சேர்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ருசிகூட்டித் தூளில் உப்பும் அதிகம், அதைப் போடாமல் உங்கள் கறித்தூளிலேயே சமையுங்கள். உருளைக்கிழங்கு மரக்கறி இல்லை, அதைச் சோற்றோடு எண்ணுங்கள். கோவா (முட்டைக்கோஸ்), போஞ்சி, முள்ளங்கி, கீரை எவ்வளவு வேண்டுமானாலும்.

கொட்டகலை அண்ணாவுக்கு: உங்கள் அம்மா கூடையோடு நாள் முழுக்க ஏறி இறங்கினார். அந்த ரொட்டி மலையிலேயே எரிந்துவிடும். இந்த அக்கா பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்.

தேத்தண்ணிக் கேள்விக்கு நானும் காத்திருக்கிறேன்.


பிள்ளைக்காம்பரா அக்கா:

எழுத வெக்கமா இருக்கு. அஞ்சு கோப்பை. காலையில எந்திரிச்சதும் ஒண்ணு, காம்பராவுல ரெண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எல்லாம் வெறுந் தேத்தண்ணிதான், பால் இல்ல, அதனால கணக்குல எடுக்கல. சீனி ரெண்டு ரெண்டு கரண்டி.


பதுளைத் தாதி:

ஒரு தேக்கரண்டி 4 கிராம். பத்துக் கரண்டி, 40 கிராம். நீங்கள் பயந்த அந்த ஒரு கோப்பைப் பருப்பில் இருப்பதும் 40தான். பருப்பிலாவது 18 கிராம் புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது, இதில் ஒன்றுமே இல்லை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கவும் வேண்டாம், பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள்.


கொட்டகலை மரக்கறி:

தேயிலை நாட்டுல பிறந்துட்டு தேத்தண்ணிக்கு நேரம் பாக்கணுமா! சரி தாதி, ரொட்டி விசயத்துல நீங்க சொன்னத ஒத்துக்கிறேன். அம்மாவும் வேலைய விட்ட பிறகுதான் சீனி வருத்தம் வந்து படுத்தாங்க. ரொட்டியக் குறைக்கல.


பிள்ளைக்காம்பரா அக்கா:

ஆறு வாரம் கழிச்சு வாறேன்.

சீனிய ஒரே நாள்ல நிப்பாட்டப் போய் ரெண்டு நாள் தலைவலி, பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுந்தேன். பிறகு பாதிப் பாதியாக் குறைச்சு இப்ப சீனியே இல்லாமக் குடிக்கிறேன். இருபது வருசம் குடிச்ச சாயத்துக்கு இப்படி ஒரு வாசம் இருந்தது இப்பதான் தெரியுது. அதுவும் நம்ம கையால எடுத்த கொழுந்து.

காலையில பயற்றந் தோசை ரெண்டு, கட்டச் சம்பல். பத்து மணிக்கு ஒரு கைப்பிடி அவிச்ச கச்சான், பிள்ளைங்களுக்குத் தெரியாம. சின்னதுங்களுக்குத் தொண்டையில சிக்கிரும், அதனால சமையல் கட்டுக்குள்ள நின்னுதான் திங்கிறேன். மதியம் அரைக் கோப்பை சோறு, அரைக் கோப்பை கொண்டைக்கடலை, சோயா மீட், தட்டு நிறையக் கோவாச் சுண்டல். முதல் வாரம் சோத்துத் தட்டப் பாக்க அழுகையா வந்துச்சு, உண்மைய சொல்லணும்ல. தட்ட மாத்தி சின்னத் தட்டுல சாப்பிடுறேன். ராத்திரி பால்கட்டியும் போஞ்சியும், ரெண்டு கரண்டி தயிர். கூட்டிப் பாத்தா புரதம் அம்பதத் தாண்டுது.

கடலைய ராத்திரியில சாப்பிட்டுப் பாத்தேன், வயித்துப் பொருமல்ல வீட்டுக்காரர் வெளிய போய்ப் படுக்கச் சொல்லிட்டார். கடலை மதியத்தோட சரி.

வெறும் வயித்துல இப்ப 129. மதியம் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்துல 158. நிறை 58 கிலோ. மூணு மாசக் கணக்கு அடுத்த கிளினிக்குக்குத்தான் பாப்பாங்க. பி12க்கு ரத்தம் எடுத்திருக்காங்க, முடிவு வரல. மாரியம்மன் திருவிழா வருது, பொங்கலும் பஞ்சாமிர்தமும் குடுப்பாங்க, அன்னைக்கு மட்டும் மெஷின் பக்கம் போக மாட்டேன்.

பெரியம்மாவுக்கு ஒரு கேள்வி. பால்கட்டி எடுத்த பிறகு ஒரு சட்டித் தண்ணி மிஞ்சுதே, கொட்ட மனசு வரல. என்ன செய்றது?


பொகவந்தலாவ பெரியம்மா:

நீ குடிச்சிராத மகளே, பால் சீனி அதுலதான் இருக்கு. வீட்டுக்காரருக்கு ரொட்டி மா பிசையிறப்ப தண்ணிக்குப் பதிலா ஊத்து. ரொட்டி பஞ்சு மாதிரி வரும். அந்தாள் ஒண்ணும் கேக்க மாட்டார்.