ஏவிஎக்ஸ்-512 அணையவில்லை, திரையும் மந்தம்: அவசர உதவி

வேகத்தறி: லினக்ஸில் என் நிரலின் ஏவிஎக்ஸ்2 (ப்ராசஸரின் வெக்டர் கட்டளைகள்) பாதையைச் சோதிக்க வேண்டும். அதனால் அதைவிட அகலமான ஏவிஎக்ஸ்-512-ஐ அணைக்க, லினக்ஸைத் தொடக்கும் க்ரப்பில் க்ளியர்சிபியூஐடி என்ற கர்னல் ஆப்ஷனைப் போட்டேன். இன்டெல் கையேட்டில் இருக்கும் எண்தான். ஆனாலும் ப்ராசஸரின் வசதிகளைப் பட்டியலிடும் சிபியூஇன்ஃபோவில் அது அப்படியே நிற்கிறது. இப்போது விண்டோவை இழுத்தால் திரை வேறு திணறுகிறது. நாளைக்குள் முடிக்கணும்.

மணல்வீடு: எந்த கர்னல்? எந்த ப்ராசஸர்? என்ன எண் போட்டீர்கள்?

பிட்பித்தன்: பயாஸ் அப்டேட் செய்யுங்கள். ஆல்டர் லேக் ப்ராசஸர்களில் இன்டெல் அப்படித்தான் ஏவிஎக்ஸ்-512-ஐ மூடியது.

மணல்வீடு: அவரிடம் இருப்பது ஆல்டர் லேக் என்று யார் சொன்னது?

வேகத்தறி: ஐஸ் லேக் ப்ராசஸர், கர்னல் 5.15. எண் 16.

மூத்தவாசகன்: கர்னலின் சிபியூஃபீச்சர்ஸ்.ஹெச் கோப்பைத் திறந்தும் பார்க்காமல் கேள்வி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கொடிக்கும் (ஒரு வசதி உண்டா என்று சொல்லும் பிட்) எண் வேர்ட்*32+பிட்; வேர்ட் என்பது 32 கொடிகளின் தொகுதி. நீங்கள் போட்ட 16 என்பது 0*32+16, அதாவது மெமரியின் எந்தப் பகுதியை எப்படி கேஷ் செய்வது என்று குறிக்கும் பேட். எண்ணே வேண்டாம், ஏவிஎக்ஸ்-512-இன் அடிப்படைக் கொடியான ஏவிஎக்ஸ்512எஃப் என்று பெயரைப் போடுங்கள்.

மணல்வீடு: பெயர் போடும் வசதி 5.19-இல்தான் வந்தது, ஐயா. அவரிடம் 5.15.

வேகத்தறி, கையேட்டின் 16 என்பது சிபியூஐடி (ப்ராசஸரிடம் அதன் வசதிகளைக் கேட்கும் கட்டளை) லீஃப் 7-க்குத் தரும் பதிலில், ஈபிஎக்ஸ் ரெஜிஸ்டரின் பிட். கர்னலில் அந்த ரெஜிஸ்டர் 9-ஆவது வேர்ட். 9*32+16, ஆக 304 போடுங்கள். அதைச் சார்ந்த ஏவிஎக்ஸ்512பிடபிள்யூ போன்றவையும் கூடவே போய்விடும். திரை திணறுவது பேட் போனதால் இருக்கலாம். வீடியோ மெமரிக்கு ரைட்-கம்பைனிங் (எழுதுவதைச் சேர்த்து மொத்தமாக அனுப்புவது) கிடைத்திருக்காது.

பிட்பித்தன்: எண்ணை நம்பவே கூடாது. அடுத்த கர்னலில் மாறிவிடும்.

மூத்தவாசகன்: 9 மாறாது. அது சிப் தரும் வரிசை. 3, 7, 8, 11 லினக்ஸ் தனக்கென வைத்துக்கொண்ட வேர்டுகள், அவற்றில்தான் பிட்டுகள் இடம் மாறும்.

பிட்பித்தன்: அப்படியென்றால் இரண்டையும் ஏன் ஒரே வரிசையில் கலக்க வேண்டும்? தனித்தனியாக வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

மணல்வீடு: ஒரே பிட்மேப்பாக இருப்பதால்தான் சிப் தந்த கொடி, கர்னல் சேர்த்த கொடி எதுவானாலும் அதைச் சோதிக்க கர்னலுக்கு பூட்_சிபியூ_ஹேஸ் ஒன்றே போதும். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது.

வேகத்தறி: 304 போட்டேன், போய்விட்டது. திரையும் சரி. நன்றி அண்ணா.

மணல்வீடு: ஒன்று கவனியுங்கள். சிபியூஐடியை நேரடியாகக் கேட்கும் நிரலுக்கு அந்த பிட் இன்னும் தெரியும். உங்கள் நிரல் எக்ஸ்ஜெட்பிவி கட்டளை மூலம், கர்னல் எவற்றை அனுமதித்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்சிஆர்0 ரெஜிஸ்டரையும் பார்க்கிறதா?