அங்கோரா பூனைக்குட்டி கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறது

கேள்வி (வெள்ளைவால்):
வேலைக்காக துருக்கியின் அங்காரா வந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அங்கோரா குட்டி கொடுத்தார். பால் வெள்ளை, ஒரு கண் நீலம், இன்னொன்று தேன் நிறம். அலமாரி உச்சிக்குத் தாவுகிறது, கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது, ஆனால் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. திமிரா, காதில் கோளாறா? முடியைத் தினமும் சீவணுமா?

பூனையக்கா:
முதலில் காதைப் பாருங்கள். வெள்ளை முடியைக் கொடுக்கும் அதே மரபணு சில குட்டிகளில் உட்காதையும் கெடுத்துவிடும், ஒரு கண் மட்டும் நீலமென்றால் பெரும்பாலும் அந்தப் பக்கக் காதுதான் அடிவாங்கும். தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், காது மடல் அசைகிறதா என்று தெரியும். ஒற்றைக் காது மட்டும் செவிடென்றால் இதில் பிடிபடாது, மருத்துவரிடம் பேயர் (BAER) பரிசோதனை கேளுங்கள், ஒவ்வொரு காதும் கேட்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

மதில்மேல்:
சீவுவதெல்லாம் பெரிய வேலையே இல்லை. பெர்சியன் பூனை மாதிரி அடர்ந்த அடிமயிர் கிடையாது, வாரம் இரண்டு தடவை சீப்பு போட்டால் போதும், உதிரும் பருவத்தில் கொஞ்சம் கூடுதலாக. இதயத் தசை தடிக்கும் நோய் இந்த இனத்தில் வருவதுண்டு, வருடா வருடம் காட்டிவிடுங்கள். அப்புறம், ஐரோப்பாவில் பெர்சியனோடு கலந்து கலந்தே இந்த இனம் காணாமல் போயிருந்தது, உங்கள் ஊர் உயிரியல் பூங்காவில்தான் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1962-ல் அங்கிருந்துதான் ஒரு ஜோடி அமெரிக்கா போனது.

பூனையக்கா:
செவிடென்றே தெரிந்தாலும் பயப்படாதீர்கள். தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து வந்துவிடும். தெருவில் மட்டும் விடாதீர்கள், வண்டி வருவது கேட்காது.