அளவெடுத்ததில் மனசில் நிற்கும் ஒரு சம்பவம்: சுழி, தசமம், சண்டை எல்லாம் வரலாம்

வேளச்சேரி அப்பா:
பெண் பதினொன்றாம் வகுப்பு. திருகு அளவியில் கம்பியின் விட்டம் பார்த்து ரெக்கார்டில் 0.50 மி.மீ. என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையால் கடைசி சுழியை மட்டும் அடித்து, பக்கத்தில் ‘0.5 போதும்’ என்று திருத்தி வந்திருக்கிறது. மீச்சிற்றளவு, அதாவது அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. உள்ள கருவி! தலைக்கோலில் 50-வது கோடு நேராக நின்றதைக் கண்ணால் பார்த்து எழுதிய சுழி அது. அதே பக்கத்தில் கீழே, கால்குலேட்டர் காட்டிய பரப்பு 0.19634954 சதுர மி.மீ. அப்படியே இருக்கிறது. அதற்கு டிக்!

அம்பத்தூர் லேத்:
எங்களுக்குச் சுழிதான் காசு. டிராயிங்கில் 25 என்றால் ஒரு ரேட், 25.00 என்றால் வேறு ரேட். ஒரு பார்ட்டி ‘பின்’ (pin) செய்ய வெறும் 25 போட்டு, கீழே ‘ஐஎஸ்ஓ 2768 மீடியம்’ என்ற பொது டாலரன்ஸ் தரத்தைக் கொடுத்தார்கள். இந்த அளவுக்கு அதில் ±0.2 மி.மீ. வரை போகலாம். சரக்கு இறக்கிய இடத்தில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் பையன் மைக்ரோமீட்டரில் வைத்தான், 25.04. பெட்டி மேலேயே சாக்பீஸால் ‘ரிஜெக்ட்’ என்று எழுதிவிட்டான். மைக்ரோமீட்டர் இரண்டு தசமம் காட்டினால் டிராயிங்கும் இரண்டு தசமம் கேட்டதாகிவிடுமா?

கெமிஸ்ட்ரி வாத்தியார் (ஓய்வு):
லேத் தம்பி, குழப்பாதீர்கள். டாலரன்ஸ் என்பது வாங்குகிறவர் பொறுத்துக்கொள்ளும் அளவு. முக்கிய எண்ணுரு, அளந்தவருக்கு எதுவரை தெரியும் என்பது. எனக்கு நடந்தது சின்ன விஷயம்: டைட்ரேஷனில் ஒரு பையன் பியூரெட் (கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) அளவு 18.437 என்று எழுதினான். 0.1 மி.லி. கோடு போட்ட பியூரெட்டில் அரைக்கோடு வரைதான் கண் பிடிக்கும், அந்த 37 எங்கிருந்து வந்தது என்றேன். ‘கான்கார்டன்ட் வரணும்ல சார்’ என்றான், அதாவது அடுத்தடுத்த அளவுகள் ஒத்துப்போக வேண்டுமாம்.

அப்புறம், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். பெருக்கல், வகுத்தலில் எந்த எண்ணில் முக்கிய எண்ணுருக்கள் குறைவோ விடையிலும் அத்தனைதான்: 4.2 × 1.37 என்றால் 5.754 வரும், எழுத வேண்டியது 5.8. கூட்டல், கழித்தலில் அப்படி எண்ணக் கூடாது, தசம இடத்தைப் பாருங்கள்: 12.3 + 0.456 என்பது 12.8. முன்னால் வரும் சுழிகள் கணக்கில் சேராது, 0.0025-இல் இரண்டுதான். தசமப் புள்ளிக்குப் பின் கடைசியில் வரும் சுழி சேரும். ஊசல் சோதனையில் 20 அலைவுகள் என்பது எண்ணிப் பார்த்தது, அளந்தது அல்ல. அது விடையைக் கட்டுப்படுத்தாது. நடுவில் முழுமையாக்காதீர்கள், கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள்.

மயிலாப்பூர் ஜன்னல்:
கொரோனா சமயத்தில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் அப்பாவின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நீட்டினார் செக்யூரிட்டி. 98.9. ‘நார்மல் 98.6 சார்’ என்று காய்கறிப் பையோடு வெயிலில் நிறுத்திவிட்டார். அந்த 98.6 எப்படி வந்தது? உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது கூடவே ஒட்டிக்கொண்ட தசமம். துப்பாக்கிப் பெட்டியிலோ ±0.3 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருந்தது, ஃபாரன்ஹீட்டில் அரை டிகிரிக்கு மேல். யாரிடம் சொல்வது?

பரங்கிமலைப் பக்கம்:
வாத்தியார் சார், பாடம் முடிந்ததா? 1802-இல் நில அளவையாளர் லாம்டன் இந்திய நில அளவைக்கு அடிக்கோடு (கணக்குக்கு ஆதாரமான முதல் நீளம்) அளந்தது எங்கள் ஏரியாவில்தான். மலைக்கு மாமா பையனைக் கூட்டிப்போய் எவரெஸ்ட் கதை சொன்னேன்: கணக்கு சரியாக 29,000 அடி வந்ததாம், அப்படியே போட்டால் குத்துமதிப்பு என்று நினைப்பார்களே என்று 1856-இல் 29,002 என்று அறிவித்தார்களாம். ‘அப்போ பொய் சொன்னாத்தான் நம்புவாங்களா?’ என்றான். எனக்குப் பதில் வரவில்லை. 2.9000 × 10⁴ என்று எழுதியிருக்கலாமே, சுழிகளும் அளந்தவைதான் என்று தெரிந்திருக்குமே என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது.

அம்பத்தூர் லேத்:
வாத்தியார் சார், வித்தியாசம் எனக்குத் தெரியும், அந்தப் பையனுக்குத்தான் தெரியவில்லை. பெட்டி இன்னும் ஷெட்டிலேயே கிடக்கிறது. 25 மி.மீ. ‘பின்’ யாருக்காவது வேண்டுமா?